பழைய இசுசு வி-கிராஸ்: ராமநாதபுரம் கடலோரத்துக்குத் தாங்குமா?

2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸின் முதல் ஈட்டு வண்டிகள் இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன. 2.5 லிட்டர் டீசல் இன்ஜின், 5 கியர், திருகினால் மாறும் 4x4 (நான்கு சக்கரமும் இழுப்பது), பின்னால் திறந்த தொட்டி. இறால் பண்ணைக்காரர், உப்பளக் குத்தகைக்காரர், வார இறுதியில் கூடாரத்தோடு கிளம்புகிறவர் என்று மூன்று தரப்புக்கும் இந்த வண்டிமேல் ஒரு கண் இருக்கிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேஸி நன்றாக இருந்தால் வாங்கலாம். செலவழிக்கிற காசை வண்டிக்கு அடியில் போடுங்கள். மேலே மாட்டுகிற சாமான் எதற்கும் இந்தக் கரையில் அவசரம் இல்லை.

"தனுஷ்கோடி மணலுக்கு 4x4 இல்லாமல் முடியாது" என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டாகிவிட்டது, ஆட்டோகூடப் போகிறது. 4x4 உண்மையில் உதவுவது வேறு இடங்களில்: சாயல்குடி, மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் ஈசிஆரை விட்டு இறங்கிப் பனங்காட்டு வழியாகக் கடலோரக் குப்பங்களுக்குப் போகும் மணல் தடங்களில், பண்ணை வரப்புகளில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துச் சேற்றில். கடல் ஓரமாகவே, அலை தொடும் மணலில் ஓட்டுவது இந்தக் கணக்கில் சேராது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டிய கரை இது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட ஏறும் மணல். அங்கே சக்கரம் ஏற்ற வேண்டாம். வனத்துறை பிடித்தால் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

வாங்கும் முன் வண்டியைப் பிட் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் அடியில் இறங்கிப் பாருங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், டார்ச் போதும். சேஸியின் இரண்டு நெடுஞ்சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உள்ளே அரித்த இடம் மொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் முனை இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். துண்டு வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன் என்பார்கள். சட்டத்தின் உள்பக்கம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். வெல்டுக்கு அடுத்த இடத்தில் மறுபடி விடும்.

துரு முதலில் பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான். பின் பட்டா ஸ்பிரிங்கின் ஷாக்கிள் மாட்டும் தாங்கி, தொட்டியைச் சேஸியோடு இணைக்கும் போல்ட்டுகள், டீசல் டாங்கைக் கட்டியிருக்கும் பட்டைகள், பிரேக் பைப்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப்புகள். கிளிப்புக்கு அடியில் உப்பு தங்கி, வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே பைப் உள்ளுக்குள் அரித்துவிடும். கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் "பைப் நல்லா இருக்கு" என்று யாரும் சொல்ல முடியாது. சட்டத்தின் அடிப்பக்கம் நீர் வடியும் ஓட்டைகள் உண்டு. அவை அடைந்திருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குடையுங்கள். மணல் கொட்டினால், அது எத்தனை வருடமாக ஈரத்தை உள்ளே பிடித்துவைத்திருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பலரும் மறப்பது ஸ்டெப்னி. தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். கடலோரத்தில் ஓடிய வண்டியில் அந்தச் சங்கிலிச் சுருளி இறுகிப்போயிருக்கும். பஞ்சரான அன்றுதான் அது தெரியும். வாங்கும்போதே இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, சங்கிலிக்குக் கிரீஸ் தடவி ஏற்றுங்கள்.

துருவுக்கு மருந்து என்ற பெயரில் இங்கே நடப்பதில் பாதி தப்பு. கறுப்பு ரப்பர் கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடித்துவிடுகிறார்கள். மேலே வழவழவென்று இருக்கும். அடியில் உப்பும் ஈரமும் சிறைபட்டு வேலையைத் தொடரும். ஒரு கல் தெறித்துக் கோட்டிங் கிழிந்தால் கேட்கவே வேண்டாம். கழிவு இன்ஜின் ஆயிலை அடிப்பது இன்னொரு பழக்கம். இரும்புக்குக் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ரப்பர். எண்ணெய் பட்டால் ஊதி மெத்துப் போய்விடும். சரியான வரிசை இது: நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ், இரண்டு நாள் வெயிலில் முழுக்கக் காயவிடுவது, கம்பி பிரஷ்ஷால் உதிர்கிற துரு முழுவதையும் எடுப்பது, ரஸ்ட் கன்வர்ட்டர், அதன்மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு பெயின்ட். சட்டத்தின் உள்பக்கத்துக்கு பிரஷ் போகாது. நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயரில் மெழுகு வகை கேவிட்டி வாக்ஸை வடிகால் ஓட்டைகள் வழியாக விடுங்கள். ஓட்டை அடைந்துவிடக் கூடாது. வருடம் ஒருமுறை, மழைக்கு முன்பு, புரட்டாசிக்குள் மறுபடி.

இதில் "நல்ல தண்ணீர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் வாட்டர் சர்வீஸ் செய்கிற இடங்களில் பல போர் தண்ணீரைத்தான் அடிக்கின்றன. கடலோரப் போர் தண்ணீர் உவர். உப்பைக் கழுவ உப்பையே அடிக்கிறோம், காசும் கொடுக்கிறோம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேனா மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. கழுவுகிற தண்ணீர் 1000-க்குள் இருந்தால் சரி. மீட்டர் அதற்குமேல் காட்டினால் வேறு கடை பாருங்கள், அல்லது போரில் கழுவிவிட்டுக் கடைசி அலசலுக்கு மட்டும் 100 லிட்டர் காவிரித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ பிளான்ட்டின் கழிவு நீரை மட்டும் தொடாதீர்கள். உப்பைப் பிரித்து ஒதுக்கிய தண்ணீர் அது.

அடுத்து 4x4. திருகில் மூன்று நிலை: 2எச் பின்சக்கரம் மட்டும், 4எச் நான்கு சக்கரமும், 4எல் நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு. ஊருக்குள் ஓடிய வி-கிராஸ்களில் பெரும்பாலானவற்றில் திருகு 2எச்-ஐ விட்டு நகர்ந்தே இருக்காது. நகராத பாகம் கடல்காற்றில் இறுகும். சோதிக்க மணல் தரை வேண்டும். தார் ரோட்டில் 4எச் போட்டுத் திரும்பினால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு, இரண்டு ஆக்ஸிலுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வேலை வைக்கும். மணலில் மெதுவாக நேராக ஓட்டிக்கொண்டே 4எச்-க்குத் திருகுங்கள். மீட்டரில் விளக்கு சற்று மின்னிவிட்டு நிலையாக நிற்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் முன் ஆக்ஸில் சேரவில்லை. அதைச் சேர்க்கும் ஆக்சுவேட்டர், அதற்குப் போகும் கனெக்டர், வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். பல சமயம் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருப்பதுதான் காரணம். கான்டாக்ட் கிளீனரில் சுத்தம் செய்து டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும். பட்டறைக்காரர் ஆக்சுவேட்டரையே மாற்றச் சொல்வதற்கு முன் இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். 4எல்-க்கு வண்டி முழுசாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில், கிளட்ச் முழுக்க மிதித்தபடி. அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது மணலில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் 4எச்-இல் ஓட்டினால் போதும்.

ஆக்ஸில் ஆயிலை வாங்கிய அன்றே திறந்து பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. காரணம் பெரும்பாலும் சீல் அல்ல. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து உள்காற்று சுருங்குகிறது. மேலே உள்ள மூச்சுத்துளை வால்வு துருப்பிடித்து அடைந்திருந்தால் சீல் ஓரமாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வால்வைக் கழற்றிவிட்டு ஆயில் தாங்கும் ஹோஸ் மாட்டி, பின் ஆக்ஸிலுக்கு டெயில் லைட் உயரத்துக்கும் முன் ஆக்ஸிலுக்கு இன்ஜின் அறையின் மேல்பக்கத்துக்கும் கொண்டுபோங்கள். ஹோஸ் நுனியில் ஒரு சின்ன ஃபில்டர். வண்டி ஏறி இறங்கும்போது ஆக்ஸில் ஆடும், அதனால் ஹோஸில் ஒரு சாண் தொய்வு விடுங்கள். இந்த ஊருக்காக வண்டியில் செய்யும் வேலைகளிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் காப்பாற்றுவது இதுதான். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு, கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

டயருக்கு வருவோம். கம்பெனி அளவு 245/70 ஆர்16. ஆல் டெரெய்ன் போதும். பெரிய கட்டை வைத்த மட் டெரெய்ன் மணலில் வேகமாகக் குழிதான் தோண்டும். 255/70 மாட்டுகிறவர்கள் உண்டு, உயரம் 14 மில்லிமீட்டர்தான் கூடும், ஸ்பீடோமீட்டர் 2 சதவீதம் குறைத்துக் காட்டும். அகலத்தைவிட இங்கே பக்கச்சுவர்தான் முக்கியம். சீமைக்கருவேல முள். வெட்டிப்போட்ட கருவேலங்கிளை மணலுக்குள் மறைந்து கிடக்கும். காய்ந்த முள் ஆணி மாதிரி இறங்கும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது பக்கச்சுவர் பிதுங்கி நிற்பதால் முள் அங்கேதான் ஏறுகிறது. மூன்று அடுக்குப் பக்கச்சுவர் உள்ள டயராகப் பார்த்து வாங்குங்கள். தரைபடும் பகுதியில் ஏறிய முள்ளில் காற்று கசியவில்லை என்றால் அங்கேயே பிடுங்காதீர்கள். தார் ரோட்டுக்கு வந்து பிடுங்கலாம். பக்கச்சுவரில் போடும் பிளக் ஊர் வந்து சேர மட்டும்தான்.

காற்றழுத்தம் தெரிந்தால் மணல் பயணத்தில் பாதி வேலை முடிந்தது. தார் ரோட்டில் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு. பனங்காட்டு மணலில் நான்கிலும் 18 பிஎஸ்ஐ. தொட்டியில் சுமை இருந்தால் பின்னால் 22. பொடி மணலில் 16. வண்டி உட்கார்ந்துவிட்டால் மட்டும் 12 வரை இறக்கி, மெதுவாக வெளியே வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். 12-இல் ஸ்டீயரிங்கைச் சடக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டு இறங்கிவிடும். காற்று இறங்கிய டயர் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் நிறையவும் மணலைத் தொடுகிறது. அதனால்தான் மிதக்கிறது. காற்று இறக்கிய நிலையில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். ஈசிஆர் ஏறும் முன் திரும்ப அடித்தே ஆக வேண்டும்; 18-இல் 80-ஐத் தொட்டால் டயர் கொதித்து உரியும்.

இந்த இடத்தில்தான் மலிவு கம்ப்ரசர் கைவிடும். இந்த அளவு டயரில் 16 பிஎஸ்ஐ ஏற்ற சுமார் 70 லிட்டர் காற்று வேண்டும், நான்குக்கும் 280. பெட்டியில் "நிமிடத்துக்கு 35 லிட்டர்" என்று போட்டிருப்பது எதிர்அழுத்தம் இல்லாதபோது. டயர் நிறைய நிறைய அது குறையும். 25 என்று வைத்தாலும் நான்குக்கும் 11 நிமிடத்துக்கு மேல், வைகாசி வெயிலில். சின்ன கம்ப்ரசர்கள் நடுவில் சூடேறி நின்றுவிடும். 70 லிட்டர் வகை, பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டுவது, இதுதான் சரி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற எதையும் வாங்காதீர்கள், ஃபியூஸ் போகும். ஒட்டவைத்த கேஜை நம்பாமல் தனியாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் விதத்தில் வி-கிராஸுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1800-க்கும் 2800 ஆர்பிஎம்முக்கும் இடையில்தான் முழுசாக வரும். அதற்குக் கீழே இன்ஜின் சோம்பல். மணலில் 4எச் இரண்டாம் கியரில் ஆர்பிஎம் 1500-க்கு இறங்கினால் மிதித்தும் எழாது. கிளட்ச்சைப் பாதி பிடித்து இழுக்கப் பார்ப்பார்கள், கருகல் வாடை வரும். மணல் ஆழம் என்று தெரிந்தால் முன்பே நின்று 4எல் போட்டு இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்குங்கள். நிற்க வேண்டியிருந்தால் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுத் தானாக நிற்கவிட்டால் சக்கரத்துக்கு முன் மேடு சேராது. பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் கிடையாது என்பது இந்த வண்டியின் பெரிய குறை. ஒரு பின்சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கியதும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவதுதான் அறிவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.1 மீட்டர் நீள வீல்பேஸ் வேறு. மேட்டு உச்சியில் வயிறு தட்டி உட்கார்ந்துகொள்ளும்.

மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுக்கும் சாமான் அதிகம் வேண்டாம். நல்ல மண்வெட்டி. ஜாக்குக்கு அடியில் வைக்க 18 மில்லிமீட்டர் பிளைவுட், 40-க்கு 40 சென்டிமீட்டர். இது இல்லாவிட்டால் ஜாக் வண்டியைத் தூக்காது, தானே மணலுக்குள் இறங்கும். 4.75 டன் முத்திரை குத்திய வில் ஷாக்கிள் (ஸ்ட்ராப்பை மாட்டும் இரும்பு வளையம்) இரண்டு. இழுபடும் நைலான் ஸ்ட்ராப் ஒன்று, 9 மீட்டர். படகுக் கயிறு இருக்கிறதே என்பார்கள்; வெயிலிலும் உப்பிலும் எத்தனை வருடம் கிடந்தது, எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாத கயிறு அது. அறுந்தால் நுனி எங்கே போய் அடிக்கும் என்பதும் தெரியாது. பின்னால் டிரெய்லர் மாட்டும் இழுவைப் பந்தில் எதையும் மாட்டி வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகைகள் நல்லவை, விலைதான் கூட. பனை ஓலை அதே வேலையைக் காசில்லாமல் செய்யும். நான்கைந்து ஓலையை ஈர மணலில் விசிறி போலப் பரப்பி, மட்டையை வெட்டிய பக்கம் வெளியே இருக்குமாறு வையுங்கள். மட்டையோடு போடாதீர்கள். மட்டையின் இரண்டு ஓரமும் கருக்கு. சக்கரம் சுழன்று மட்டை திரும்பினால் அரம் போட்ட மாதிரி பக்கச்சுவரைக் கீறிவிடும்.

பாக் விரிகுடாப் பக்கம் மணல் கணக்கெல்லாம் செல்லாது. தேவிபட்டினத்திலிருந்து வடக்கே உப்பங்கழி ஓரங்களில் மேலே வெள்ளையாகக் காய்ந்து உப்புப் பொருக்கு தட்டியிருக்கும். பார்க்க மைதானம், அடியில் உளை. இறங்கி நடந்து குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். பொருக்கு உடைந்து கறுப்புச் சேறு பிதுங்கினால் திரும்பிவிட வேண்டியதுதான். அங்கே 4எல்-ஆலும் பயனில்லை, டிராக்டர்தான் வர வேண்டும், சில இடங்களில் டிராக்டரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

இன்ஜின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முரட்டு இன்ஜின். ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கினால் டீசல் பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வைப் பாருங்கள். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். குப்பத்தில் டிரம்மில் விற்கும் டீசல் மலிவாகக் கிடைத்தாலும் போடாதீர்கள்: தண்ணீர் கலந்திருக்கும், காமன் ரெயில் இன்ஜெக்டர் தண்ணீரைத் தாங்காது. போதாததற்குப் படகுக்கு மானியத்தில் வந்த டீசலாக இருந்தால் வழக்கும் சேரும். டாங்க் 76 லிட்டர்; ராமநாதபுரத்தில் நிரப்பிவிட்டு வந்தால் இந்தக் கரை முழுவதும் போய் வரலாம்.

பேட்டரி டெர்மினலுக்கும் எர்த் ஒயர்களுக்கும் வாசலின். கடல் ஓரம் இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைக்காதீர்கள். உப்புக் காற்றில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

இரும்பு பம்பர் மாட்டியே விற்கிற வண்டிகள் நிறைய. 2017 டிசம்பரிலிருந்து மத்திய அரசு அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்திருக்கிறது. கழற்றி, பழைய பம்பரைக் கேட்டு வாங்குங்கள். எடை குறைந்தால் மணலுக்கும் நல்லது. லைட் பார், நாலு அங்குல லிஃப்ட், கூரைக் கூடாரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆர்சியில் சொந்த வண்டியா வணிக வண்டியா, மொத்த எடை எவ்வளவு என்பதையும் பாருங்கள். தொட்டி பெரிதாக இருக்கிறதே என்று ஐஸ் பெட்டி அடுக்கினால் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். சுமை தூக்கத்தான் வண்டி என்றால் இது உங்களுக்கானது அல்ல.

அப்படிப்பட்டவர்களும், பண்ணைக்குத் தினம் போய்வருகிறவர்களும் 4x4 பொலிரோ கேம்பரைத் தேடலாம். சாய்ந்து உட்கார வசதியில்லை, ஈசிஆரில் வி-கிராஸ் அளவு நிதானமும் இல்லை. ஆனால் அதன் பாகம் சாயல்குடியிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். வி-கிராஸுக்கு ஒரு சென்சார் போனால் பாகம் வெளியூரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வாங்குவதாக இருந்தால் ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர் இரண்டு, முன் வீல் பேரிங், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ் இவற்றை முதல் மாதமே வாங்கிச் சீட்டுக்குப் பின்னால் போட்டுவையுங்கள்.